கார் பார்க்கிங் வேணாம், சைக்கிள் ஓட்டுற மாதிரி ஒரு ஊர் சொல்லுங்க

நேத்து ராத்திரி ஒன்பதரை மணிக்கு புரோக்கர் ஒருத்தர் போன் பண்றாரு. "சார், சூப்பர் வீடு மாட்டிருக்கு, பீச்சுல இருந்து அரை கிலோமீட்டர், கவர்டு கார் பார்க்கிங், கேட்டைத் திறந்தா நேரா ஈசிஆர்ல ஏறிடலாம்". எனக்கு காரே கிடையாது. பைக்கும் கிடையாது. இதை நான் அவருகிட்ட ரெண்டு மாசமா சொல்லிட்டு இருக்கேன், கடலோரமா ஒரு சின்ன ஊரு, மார்க்கெட்டு ஸ்கூலு ஆஸ்பத்திரி எல்லாம் சைக்கிள் மிதிக்கிற தூரத்துல, மெயின் ரோட்டுல ஏறாமலே போய் வர்ற மாதிரி இருந்தா சொல்லுங்கன்னு. அதுக்கு அவரு "பரவால்ல சார், நாளைக்கு கார் வாங்குவீங்கல்ல" ங்கிறாரு. கடுப்புல போனை வச்சுட்டேன். ராத்திரி தூக்கமே வரல, அதான் இதை எழுதுறேன்.

நான் திருவொற்றியூர்க்காரன். தேரடியில இருந்து கடலுக்கு நடந்தே போயிடலாம், பட்டினத்தார் சமாதி பக்கம் மண்ணுலதான் சின்ன வயசுல அரை பெடல் போட்டு சைக்கிள் கத்துக்கிட்டேன். இருபது வருஷமா பாரிமுனையில ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்ல கணக்கு வேலை, போறது வர்றது எல்லாம் சைக்கிள்தான். இப்ப வேலைல பாதிக்கு மேல வீட்ல இருந்தே லேப்டாப்ல பண்ணலாம்னு சொல்லிட்டாங்க, சரி இந்த வயசுலயாவது உயிர் பயம் இல்லாம சைக்கிள் ஓட்டுற ஊரா பார்த்துப் போயிடலாம், ஆனா கடல் வேணும், கடல் இல்லாத ஊர்ல என்னால இருக்க முடியாது. கேட்டது இவ்ளோதான். இதுக்கே இவ்ளோ பேஜாரு.

ஏன் போகணும்னு கேக்குறவங்க ஒரு நாள் காலைல எட்டு மணிக்கு என்கூட வாங்க. எனக்கு இருக்கிறது ரெண்டு வழி. ஒண்ணு டி.எச். ரோடு, அதான் திருவொற்றியூர் ஹை ரோடு, புது வண்ணாரப்பேட்டை வரைக்கும் நடுவுல மெட்ரோ தூணு, மிச்சம் இருக்கிறதுல பஸ், ஷேர் ஆட்டோ, ரெண்டு பக்கமும் நிறுத்தி வச்ச வண்டி, சைக்கிளுக்குக் கிடைக்கிறது ஓரத்துல ரெண்டு அடி, அந்த ரெண்டு அடியிலதான் மண்ணு, மேன்ஹோல் மூடி, தோண்டிட்டு சரியா மூடாத பள்ளம், மழை வந்தா எது பள்ளம் எது ரோடுன்னே தெரியாது. இன்னொண்ணு கடலோரமா போற எக்ஸ்பிரஸ் ரோடு. அங்க துறைமுகத்துக்குப் போற ட்ரெய்லர் வரிசைகட்டி நிக்கும், நாப்பது அடி பெட்டியோட.

ட்ரெய்லர் பத்தி தெரியாதவங்களுக்கு சொல்றேன். அது லெஃப்ட் எடுக்கும்போது முன் சக்கரம் போற தடத்துல பின் சக்கரம் வராது, உள்ள வெட்டிக்கிட்டு வரும். நாம ஓரமா போறோம், சேஃப்னு நினைச்சிட்டு இருப்போம், அந்த ஓரத்துக்கேதான் அது வரும். கேபினுக்கு இடது பக்கம் கீழ ஒரு சைக்கிள் போறது டிரைவருக்குத் தெரியவே தெரியாது. நான் டிரைவர் அண்ணங்களைக் குத்தம் சொல்லல, பாவம் அவங்களும் கேட் திறக்கிற வரைக்கும் மணிக்கணக்கா வண்டியிலயே உக்காந்திருக்காங்க, அங்கயே சாப்பாடு அங்கயே தூக்கம். ஜனங்க குடியிருக்கிற ஊருக்குள்ள இவ்ளோ பெட்டியை ஓட்ட விட்டுட்டு, அதே ரோட்டுல பள்ளிக்கூடத்துப் புள்ளையையும் மீன் கூடைக்காரம்மாவையும் போக வச்சது யாரு, அவங்களைத்தான் கேக்குறேன்.

இந்த ஊரு சைக்கிளுக்குன்னே பண்ணின மாதிரி ஊருங்க. ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் ஒரு மேடு கிடையாது. எங்கப்பா காலத்துல காசிமேட்டுல ஏலம் எடுத்த மீனை கேரியர்ல கட்டிக்கிட்டு மிதிச்சே தெருத்தெருவா போய் வித்திருக்காங்க. ஹெர்குலஸும் பிஎஸ்ஏவும் பண்ணின கம்பெனி 1949ல ஆரம்பிச்சது இதே மெட்ராஸ்ல, ஃபேக்டரி இதோ அம்பத்தூர்ல. சைக்கிள் செஞ்சு ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்பின ஊர்ல சைக்கிள் ஓட்ட ரெண்டு அடி ரோடு இல்ல. 2014ல நடக்கிறவங்களுக்கும் சைக்கிள்காரங்களுக்கும்னு மாநகராட்சி ஒரு கொள்கையே கொண்டு வந்தாங்க, நான் அந்த நியூஸை வெட்டி டைரியில ஒட்டி வச்சேன், அவ்ளோ சந்தோஷம் எனக்கு அன்னிக்கு. இத்தனை வருஷத்துல நான் போற வழியில ஒரு அடி கூட மாறல.

கடலாவது மிச்சம் இருக்கான்னா அதுவும் கல்லுதான். 1870கள்ல துறைமுகத்துக்குன்னு கடலுக்குள்ள கல்லு போட ஆரம்பிச்சாங்க, தெக்க இருந்து வடக்க போற மணலை அது தடுத்துடுச்சு, மெரினாவுல மணல் சேந்துக்கிட்டே போச்சு, எங்க பக்கம் கடல் தெருத்தெருவா தின்னுச்சு. அதைத் தடுக்க பாறாங்கல்லா கொட்டி வச்சிருக்காங்க. 2011ல சென்னைத் துறைமுகத்துல நிலக்கரி இறக்கக் கூடாதுன்னு ஆனதும் கரி அப்படியே எண்ணூருக்குப் போச்சு. கரியும் சாம்பலும் கலந்த காத்து, அதுல மூச்சு வாங்க மிதிக்கிறவன் எவ்ளோ உள்ள இழுப்பான்னு யோசிங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்து முகத்துவாரம் பூரா படிஞ்சுது, அதே மாசக் கடைசியில நடுராத்திரி அம்மோனியா வாடை வந்து ஜனங்க புள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு ஓடினாங்க. அன்னிக்குத்தான் வீட்ல முதல் தடவையா "வேற ஊருக்குப் போயிடலாமாங்க"ன்னு கேட்டா.

அதைவிட எனக்கு வயிறு எரியிறது பொண்ணோட சைக்கிளைப் பார்க்கும்போதுதான். பிளஸ் ஒன்ல அரசாங்கம் குடுத்த விலையில்லா சைக்கிள். வாங்கின அன்னிக்கு அதைத் தள்ளிக்கிட்டு தெரு பூரா காட்டிட்டு வந்தா. ஒரு வாரம் ஓட்டினா. எட்டாவது நாள் தண்ணி லாரி ஒண்ணு ஹேண்டில்பாரை உரசிட்டுப் போயிருக்கு, அவ சொல்லவே இல்ல, முழங்கை சிராய்ப்பைப் பார்த்து அவங்கம்மா கண்டுபிடிச்சா. அதோட முடிஞ்சுது. மாடிப்படிக்குக் கீழ நிக்குது இப்ப, உப்புக்காத்துல செயின் செம்மண் கலருல, டயர் ரெண்டும் காத்து இறங்கி. ஸ்கூல் போறதுக்குன்னு சைக்கிள் குடுக்குறீங்க, நல்ல திட்டம், நான் மனசாரச் சொல்றேன். அது ஓடுறதுக்கு ரோடு குடுக்க வேணாமா? 90கள் ஆரம்பத்துல புதுக்கோட்டையில எழுதப் படிக்கக் கத்துக்குடுத்த அறிவொளி இயக்கத்துல பொம்பளைங்க ஆயிரக்கணக்குல சைக்கிள் கத்துக்கிட்டாங்க, குவாரியில வேலை பார்க்கிறவங்க, அங்கன்வாடி அம்மாங்க, எல்லாரும். என் பொண்ணுக்கு ஓட்டத் தெரியும், சைக்கிளும் இருக்கு, அப்பவும் ஷேர் ஆட்டோல இடிச்சுக்கிட்டுப் போறா.

சரின்னு ஊர் தேட ஆரம்பிச்சேன். முதல்ல பாண்டிச்சேரி, எல்லாரும் சொல்றது அதான். வாஸ்தவம், பழைய ஊரைச் சுத்திப் போற அந்த பவுல்வார்டு ரோட்டுக்குள்ள தெரு எல்லாம் கோடு போட்ட மாதிரி, தட்டையா, வேப்பமர நிழலு, சாயங்காலத்துல இருந்து விடியக்காலை வரைக்கும் பீச் ரோட்டுல வண்டி விடமாட்டாங்க. ஒரு ரவுண்டு அடிச்சேன், கண்ணு கலங்கிடுச்சு எனக்கு, ஒரு ஊர் இப்படி இருக்க முடியும்னு. ஆனா அந்த வெள்ளைக்காரன் தெருவுல நம்மளால வாடகை குடுக்க முடியுமா? எல்லாம் ஓட்டலும் காபிக் கடையுமா ஆயிடுச்சு. நம்ம பட்ஜெட்டுக்கு வீடு கிடைக்கிறது இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலைக்கு அந்தாண்ட. அந்த சிக்னல்ல சைக்கிளை வச்சுக்கிட்டு நின்னு பாருங்க, டி.எச். ரோடே தேவலன்னு இருக்கும். சனி ஞாயிறு வந்தா நம்ம சென்னை காரு பூரா அங்கதான்.

தூத்துக்குடி போனேன், சித்தப்பா வீடு இருக்கு. உப்பளம் பக்கம் காலைல மிதிக்க அவ்ளோ நல்லா இருந்துச்சு. ஆனா துறைமுகம் போற ரோட்டுல ஏறினதும் அதே ட்ரெய்லர், அதே கரி, அதே அனல் மின் நிலையம். அறுநூறு கிலோமீட்டர் தாண்டிப் போய் எண்ணூர்லயே இறங்கின மாதிரி இருந்துச்சு. ராமேஸ்வரம் வேணாம், காத்து ஆளையே தள்ளும், ஊருக்குள்ள டூரிஸ்ட் வேன் நிறுத்த இடமில்லாம கோயிலைச் சுத்திச் சுத்தி வருது. தரங்கம்பாடி நெஞ்சுலயே நின்னுடுச்சு, கோட்டை வாசல்ல இருந்து அந்த ராஜா வீதியில வண்டிச் சத்தமே இல்லாம கடல் வரைக்கும் போகலாம். ஆனா அவசரம்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு காரைக்காலுக்கோ மயிலாடுதுறைக்கோதான் ஓடணும். நாகப்பட்டினம்னு சொன்னதும் வீட்ல 2004 சுனாமியை நினைச்சு பயந்துட்டா. அன்னிக்கு நாங்களும்தான் இங்க ஓடினோம், கடலோரம் எங்க இருந்தாலும் அந்த பயம் இருக்கும்னு எவ்ளோ சொல்லியும் கேக்கல.

இதுல என் மச்சான் வேற. "மாமா, இன்னா மாமா இது, அம்பது வயசு ஆகப் போகுது, ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கிட்டா எந்த ஊருன்னா இன்னா". பாசத்துலதான் சொல்றான். ஆனா சைக்கிள்ல போறவன்னா வேற வழியில்லாதவன்னு ஒரு நினைப்பு இருக்கு பாருங்க, அதுதான் எல்லாத்துக்கும் வேர். ஞாயித்துக்கிழமை ஹெல்மெட் க்ளவுஸ் எல்லாம் போட்டு ஈசிஆர்ல ஓட்டுறவங்களைப் பார்த்தா மரியாதை, பேப்பர் போடுற பையனும் கட்டட வேலைக்கு டிபன் பாக்ஸை மாட்டிக்கிட்டு மிதிக்கிற அண்ணனும் கண்ணுக்கே தெரியமாட்டாங்க. ரோடு போடும்போது இவங்களை யாரு எண்றா? யாரும் எண்றதில்ல. அதனாலதான் எந்த ஊர் போனாலும் ரோடு அகலமாகுது, ஓரம் காணாமப் போகுது.

சைக்கிளைக் கூட எடுத்துக்கிட்டுப் போய் ஊரைப் பார்க்கலாம்னா ரயில்லயும் அதே கதை. பார்சல் ஆபீஸ்ல ஒரு ஃபாரம், அட்டையில பேரு எழுதிக் கட்டு, சாக்கு சுத்து, இங்க போ அங்க போ. ஒரு தடவை இறங்குற ஊர்ல நான் இறங்கிட்டேன், சைக்கிள் இறங்கல. மறுநாள்தான் வந்துச்சு, மட்கார்டு நசுங்கி, ரிம் கோட்டமாகி. அந்த ஊர்ல கோட்டம் எடுக்க ஒரு சைக்கிள் கடை தேடி அலைஞ்சேன் பாருங்க, பைக் மெக்கானிக் பத்து பேரு, சைக்கிளுக்கு ஒருத்தர் கூட இல்ல. அன்னில இருந்து எந்த ஊர் போனாலும் வீடு பார்க்கிறதுக்கு முன்னாடி சைக்கிள் கடை இருக்கான்னுதான் பார்க்கிறேன். கடலோரத்துல சைக்கிள் வச்சிருந்தா அது ரொம்ப முக்கியம், ரெண்டு வாரம் எண்ணெய் போடாம விட்டா ப்ரீவீல் இறுகிடும், ஸ்போக் பட்டு பட்டுனு உடையும், வருஷத்துக்கு ஒரு தடவை கழட்டி பால்ஸ், கோன் எல்லாம் மண்ணெண்ணெயில கழுவி கிரீஸ் வைக்கிற கை ஒண்ணு வேணும். காலடிப்பேட்டையில எங்க மெக்கானிக் நைனாவுக்கு எழுவது வயசு, அவருக்கு அப்புறம் அந்தக் கடையில யாரும் இல்ல.

கடைசியா போனது காரைக்கால். எழும்பூர்ல ராத்திரி ஏறினா விடிஞ்சா அங்க. பாரதியார் ரோட்டுக்குப் பின்னால ஒரு கடையில வாடகைக்கு சைக்கிள் எடுத்து அரசலாத்தங்கரை ரோட்டுல கடல் வரைக்கும் போனேன், ஒரு பக்கம் ஆறு, எதிர்ல கடல் காத்து, யாரும் ஹாரன் அடிக்கல. எட்டரை மணிக்கு யூனிஃபார்ம் போட்ட பொண்ணுங்க நாலு பேர் வரிசையா பேசிக்கிட்டே சைக்கிள்ல போறாங்க. இறங்கி நின்னு பார்த்துட்டே இருந்தேன். ஊருக்குள்ளயே பெரிய அரசு ஆஸ்பத்திரி, காலேஜ், மார்க்கெட்டு எல்லாம் மிதிக்கிற தூரம். குறை இல்லாம இல்ல, தெக்க வாஞ்சூர்ல துறைமுகம் இருக்கு, அங்கயும் கரி இறக்குறாங்க, மெயின் ரோட்டுல லாரியும் உண்டு. ஆனா அதுல ஏறாமலே தினப்படி பொழப்பை ஓட்டலாம்.

அங்கயும் மூணு வீடு பார்த்தேன். மூணுலயும் கீழ்த்தளம் பூரா கார் நிறுத்த ஒதுக்கிட்டு வீட்டை மேல கட்டி வச்சிருக்காங்க, சைக்கிளை வெளிய கம்பத்துல கட்டிக்கங்கன்னாங்க. மழையிலயும் உப்புக்காத்துலயும் அது எத்தனை நாள் தாங்கும்?

காரைக்கால், தரங்கம்பாடி, பொறையார் பக்கம் யாராவது இருந்தா தயவுசெஞ்சு சொல்லுங்க. ரெண்டு ரூம் போதும், பழைய ஓட்டு வீடா இருந்தாலும் சரி. கார் பார்க்கிங் வேணாம். ரெண்டு சைக்கிளை உள்ள தள்ளிக்கிட்டுப் போற மாதிரி திண்ணையோ ரேழியோ இருக்கணும், வாசல்ல படி ரெண்டுக்கு மேல இருக்கக்கூடாது. பொண்ணு சைக்கிளுக்கு டயர், ட்யூப், செயின் எல்லாம் நைனா இன்னிக்குக் காலைல மாத்திக் குடுத்துட்டாரு.