மனையையும் மீட்டரில் விற்கட்டும்

டெல்லியில் சின்னதாக ஒரு மனை வாங்க வேண்டுமானால் மூன்று கணக்கு தெரிந்திருக்க வேண்டும். தரகர் கஜத்தில், அதாவது சதுர கஜத்தில் பேசுவார். அடுக்குமாடி கட்டி விற்பவர் சதுர அடியில் விலை சொல்வார். பத்திரம் பதியப் போனால் அரசின் வழிகாட்டி மதிப்பு சதுர மீட்டரில் இருக்கும். ஊரில் செண்ட், கிரவுண்ட் என்று பேசிப் பழகிய நம்மவர்கள் இங்கே திணறிப்போகிறார்கள்.

50 கஜம் என்றால் 450 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 41.8 சதுர மீட்டர். அதை 50 சதுர மீட்டர் என்று நினைத்துக்கொண்டு விலை பேசுகிறவருக்கு எட்டு சதுர மீட்டர் கைவிட்டுப் போகிறது. டெல்லியில் எட்டு சதுர மீட்டர் என்பது ஒரு குடும்பம் படுத்துறங்கும் அறை! புறநகர்ப் பக்கம் போனால் பிகா என்ற நில அளவு வேறு வந்துவிடும். வங்காளத்தில் ஒரு பிகா 14,400 சதுர அடி. டெல்லியில் அது வேறு, ராஜஸ்தானில் வேறு.

ஒரு நாடு மீட்டர், கிலோ, லிட்டர் என்று அளக்கும் மெட்ரிக் முறைக்கு மாற வேண்டுமா என்று யாராவது கேட்டால், மாறத்தான் வேண்டும், அதுவும் முழுதாக மாற வேண்டும் என்பேன். பாதியில் நின்றால் விவரம் தெரிந்தவனுக்கு லாபம், தெரியாதவனுக்கு நஷ்டம்.

அமெரிக்காவைப் பாருங்கள். 1975இல் சட்டம் போட்டார்கள், ஆனால் விருப்பமுள்ளவர்கள் மாறலாம் என்று விட்டுவிட்டார்கள். அதற்கென அமைத்த வாரியத்தை 1982இல் கலைத்தும்விட்டார்கள். 1999இல் செவ்வாய்க்குப் போன அவர்களுடைய விண்கலம் ஒன்று அழிந்தது. ஒரு மென்பொருள் உந்துவிசையைப் பழைய பவுண்டு கணக்கில் தந்தது, இன்னொன்று அந்த எண்களை மெட்ரிக் அலகான நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. உலகின் தலைசிறந்த பொறியாளர்களுக்கே இப்படி நேர்ந்தது என்றால், தினக்கூலியில் மிச்சம் பிடித்து மனை வாங்குகிறவர் என்ன செய்வார்?

நம் நாடு இதை எவ்வளவு துணிச்சலாகச் செய்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது. 1951 கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு 18 சதவீதம்தான். அந்த நாட்டில்தான் 1956இல் எடை, அளவுச் சட்டம் வந்தது. 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா புழக்கத்துக்கு வந்தது. 16 அணா, 192 தம்பிடி என்றிருந்த ரூபாய் 100 பைசாவாயிற்று. 1958 முதல் கிலோவும், பிறகு லிட்டரும் படிப்படியாகக் கடைக்கு வந்தன. சேர், வீசை என்ற பழைய எடைகள் ஒரு தலைமுறைக்குள் தராசை விட்டு இறங்கிவிட்டன. காய்கறிக்கடைக்காரரும் மளிகைக்கடைக்காரரும் கற்றுக்கொண்டார்கள். மனை விற்கிறவர்களால் மட்டும் முடியாதா?

படியும் மரக்காலும் நம் பண்பாடு அல்லவா என்று சில நண்பர்கள் வருத்தப்படுகிறார்கள். எனக்கும் அவற்றின் மேல் பிரியம் உண்டு. வீட்டில் அரிசியை ஆழாக்கால் அளந்து போடுவதை யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் சந்தையில் அந்தப் படி ஊருக்கு ஊர் வேறுபட்டது. ஒரு படியில் அளந்து வாங்கி இன்னொரு படியில் அளந்து விற்ற வியாபாரிக்கு இருந்த வசதி, விளைவித்த உழவருக்கு இல்லை.

தங்கத்திலும் குழப்பம் தீரவில்லை. நமக்குப் பவுன் என்றால் 8 கிராம். பழைய தோலா 11.66 கிராம், இங்கே பலர் 10 கிராமைத் தோலா என்கிறார்கள். ஆனாலும் நகைக்கடை ரசீதில் கிராம் இருக்கிறது, அந்த அளவில் நிம்மதி. தொலைக்காட்சிப் பெட்டி விளம்பரத்தில்கூட 80 செ.மீ. என்று அச்சிடுகிறார்கள். வாழ்நாள் சேமிப்பையே விழுங்கும் மனைக்கு மட்டும் ஏன் இந்த விலக்கு? மனை, வீட்டு விளம்பரங்களிலும் விற்பனை ஒப்பந்தங்களிலும் சதுர மீட்டரைக் கட்டாயமாக்க வேண்டும். கஜமும் அடியும் வேண்டுமானால் அதற்குக் கீழே சிறிய எழுத்தில் வரட்டும்.

டெல்லியில் இடம் தேடும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அது நடக்கும்வரை காத்திருக்காதீர்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, மொத்தம் எத்தனை சதுர மீட்டர், ஒரு சதுர மீட்டர் என்ன விலை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.