பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்

நேற்று ராத்திரி ஒரு பதிவு வந்தது. பெயர் போடாமல் எழுதியிருந்தார்கள். யாரைப் பற்றி என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். காலையில் எழுந்து பார்த்தால் இன்பாக்ஸில் அதன் ஸ்கிரீன்ஷாட் பதினொன்று. அனுப்பியவர்களுக்கு நன்றி. ஒரு முறை படித்தாலே எனக்கு உறைக்கும் என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

நானும் என் மகளும் வீடியோ கேம் ஆடுவதை ஞாயிற்றுக்கிழமை படமாகப் போட்டேன், அதுதான் காரணம். இரண்டு கன்ட்ரோலர், இரண்டு ஜோடிக் கைகள், ஒன்று பெரிது, ஒன்று சின்னது. "கடிகாரத்தை முடித்துவிட்டோம்" என்று ஒரு வரி, கடிகாரம் அந்தக் கேமில் ஒரு அத்தியாயம். அவ்வளவுதான். அதற்கு வந்த பதில், "பிள்ளையைத் திரைக்குத் தத்துக் கொடுத்துவிட்டு அதைப் படம்பிடித்துப் பெருமைப்படும் அம்மாக்கள்." அந்தப் பதிவின் கடைசிப் பத்தியில் இன்னொரு வரியும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தத்துக் கொடுத்தவள் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கமாட்டாள் இல்லையா? நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரே சோபா. அவள் முழங்கை என் விலாவில் குத்திக்கொண்டிருந்தது. படத்தில் நான்கு கைகள் இருக்கின்றன ஐயா, நேரம் கிடைத்தால் எண்ணிப் பாருங்கள்.

நாங்கள் ஆடுவது இட் டேக்ஸ் டூ. 2021ல் வந்தது, அந்த ஆண்டு தி கேம் அவார்ட்ஸில் சிறந்த கேம் விருதும் வாங்கியது. செய்தவர்கள் சுவீடனைச் சேர்ந்த ஹேஸ்லைட். அதை இயக்கிய ஜோசப் ஃபாரெஸ் அதற்கு முன்னால் சினிமா எடுத்துக்கொண்டிருந்தவர். இதில் முக்கியமான விஷயம், இதைத் தனியாக ஆடவே முடியாது. இன்னொரு ஆளுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் வந்து நிற்காது. திரையை இரண்டாகப் பிளந்து ஆளுக்குப் பாதி கொடுத்துவிடும். பிள்ளையைத் தனியாக உட்காரவைத்துவிட்டு அம்மா வேறு வேலை பார்க்க வேண்டும் என்றால், இதைவிட உதவாத கேம் உலகத்திலேயே கிடைக்காது.

உதாரணம் சொல்கிறேன். முதல் அத்தியாயத்தில் என் பொம்மைக்கு ஆணிகள், அவள் பொம்மைக்குச் சுத்தியல் தலை. நான் ஆணியைச் சரியான பலகையில் அடித்து நிறுத்தினால்தான், அவள் அதில் சுத்தியலை மாட்டி ஊஞ்சலாடி அந்தப் பக்கம் போக முடியும். அவள் போய் வழி திறந்துவிட்டால்தான் நான் போக முடியும். "அம்மா, இன்னும் மேல, இல்ல இல்ல, வலது பக்கம், ஆணியைத் திரும்பக் கூப்பிடாத, நான் தொங்கிட்டு இருக்கேன்!" இதை எந்தக் கணக்கில் "திரை நேரம்" என்று எழுதுவீர்கள்? பேசாவிட்டால் கேம் நகராது.

பேச்சு என்று வந்துவிட்டதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் மகளுக்குப் பத்தரை வயது. பள்ளியில் என்ன நடந்தது என்று தினமும் கேட்கிறேன். "ஒண்ணும் நடக்கல." தினமும் அதே பதில்தான். ஆனால் அந்தக் கடிகார அத்தியாயத்தில் ஒரே இடத்தில் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டு நின்றபோது, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே சொன்னாள். "அவ இப்போ என்கூட உட்காருறதில்லம்மா." பள்ளித் தோழி ஒருத்தி, இரண்டு மாதமாக அப்படியாம். எனக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்துக் கேட்டபோதெல்லாம் வராத ஒன்று, இருவரும் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தபோது வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பாள். "ம்" என்றேன், அடுத்த படியில் குதித்தேன், விழுந்து செத்தேன். அவள் மேலே சொல்லிக்கொண்டே போனாள்.

சரி, இனி வரப்போகும் கேள்விகள். கண்ணுக்குக் கெடுதல் என்பீர்கள். தெரியும், நேரம் வைத்துத்தான் ஆடுகிறோம். அடுத்தது.

"உலகச் சுகாதார நிறுவனமே இதை நோய் என்று சொல்லிவிட்டது." அந்தப் பதிவில் இருந்த ஒரே ஆதாரம் இது. அந்த நிறுவனம் 2019ல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு இருப்பது உண்மை. 2022 ஜனவரியில் அந்தப் பட்டியல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. ஆனால் அதற்கு என்ன வரையறை கொடுத்திருக்கிறார்கள் என்று படித்தீர்களா? எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்ற கட்டுப்பாடு போயிருக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும்விட அதுவே முக்கியமாகியிருக்க வேண்டும். கெடுதல் நேர்ந்தும் விடாமல் தொடர வேண்டும். பொதுவாக இது பன்னிரண்டு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். சனிக்கிழமை ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அம்மாவோடு ஆடுகிற பிள்ளைக்கு இதில் எது பொருந்துகிறது? தலைப்பை மட்டும் படித்துவிட்டு வைத்தியம் பார்க்கக்கூடாது. அந்த முக்கால் மணி நேரத்தன்று மட்டும் ஒரு மணி நேரம் ஒன்றரை ஆகிவிட்டது. அதையும் நானே சொல்லிவிடுகிறேன், நீங்கள் கண்டுபிடிக்க வேண்டாம்.

"நாங்கள் எல்லாம் தெருவில் ஆடி வளர்ந்தோம்." நானும்தான். என் மகளும் வெளியே போய் ஆடுகிறாள், அதைப் படம் எடுத்துப் போடவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். நீங்கள் தெருவில் ஆடியபோது உங்கள் அப்பா வந்து ஆடினாரா? என் அப்பா வரவில்லை. நல்ல மனிதர், கை நீட்டி அடித்ததில்லை. மார்க் அட்டை வந்தால் கையெழுத்துப் போடுவார். பதினேழு வயது வரை அவரும் நானும் சேர்ந்து ஒரு காரியத்தில் தோற்றதில்லை, ஜெயித்ததுமில்லை. போன வருடம் அவர் கையில் ஒரு கன்ட்ரோலரைக் கொடுத்தோம். அன்ராவல் டூ என்று ஒன்று, 2018ல் வந்தது. நூல்கண்டில் செய்த மாதிரி இரண்டு சின்ன உருவங்கள், நடுவே ஒரே நூல். ஒருவர் குதிக்கத் திணறினால் இன்னொருவர் அவரைத் தன்னோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகலாம். என் மகள் தாத்தாவை மூன்று லெவல் தூக்கிக்கொண்டு போனாள். அவர் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. இது எதற்காக இங்கே வந்தது என்று எனக்கே தெரியவில்லை. இருக்கட்டும்.

இப்போது அந்த முக்கியமான குற்றச்சாட்டு. "விவாகரத்து செய்யப்போகும் பெற்றோரின் கதையைப் பிள்ளையோடு ஆடுகிறார்கள்." ஆமாம், கதை அதுதான். அந்தப் பெற்றோர், கோடியும் மேயும், பிரியப்போகிறோம் என்று மகள் ரோஸிடம் சொல்கிறார்கள். அவள் கண்ணீர் பட்டதும் அவள் செய்துவைத்திருந்த பொம்மைகளுக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். ஐரோப்பாவில் இதை ஆடப் பன்னிரண்டு வயதாகியிருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். அவளுக்குப் பத்தரை என்று மேலே நானேதான் எழுதினேன். பக்கத்தில் நான் இருந்தேன் என்பதைத் தவிர அதற்கு என்னிடம் பதில் இல்லை.

யானை இடத்தைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கு இன்னும் வசதியாக இருக்கும், அதையும் சொல்கிறேன். மகள் மறுபடி அழுதால் மனிதர்களாக மாறிவிடலாம் என்று அந்தப் பெற்றோர் நம்புகிறார்கள். அதற்காக அவளுக்குப் பிடித்த யானைப் பொம்மையை இழுத்துப்போய்த் தள்ளிவிட முடிவு செய்கிறார்கள். அது கெஞ்சும். காது கிழியும். அதைச் செய்ய வேண்டிய கைகள் நம்முடையவை, பட்டனை நாம்தான் அழுத்த வேண்டும். என் மகள் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டாள். "நான் பண்ணமாட்டேன்." நான் என்ன செய்திருக்க வேண்டும்? அணைத்திருக்க வேண்டும். நான் செய்தது, "இது வெறும் கேம்தான், சீக்கிரம் முடி" என்று அதட்டியது. நாள் முழுக்க வேலை, தலைவலி, முடித்துவிட்டால் தூங்கலாம். அவள் எழுந்து போய்விட்டாள். அடுத்த இரண்டு வார இறுதி கேமைத் தொடவில்லை.

அப்புறம் அவளாகவே வந்தாள். அந்த இடத்தை முடித்தோம். ரோஸ் அழுதாள், அவர்கள் மாறவில்லை. "அவளை அழவெச்சும் ஒண்ணும் ஆகலையே, அப்புறம் எதுக்கு?" என்று என் மகள் கேட்டாள். அந்தக் கேள்வி திரையில் இருந்தவர்களுக்கு மட்டும்தானா என்று எனக்குத் தெரியவில்லை. நான் பதில் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்தேன். இதைத்தான் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் ஒரு அப்பா தன் மகனோடு கார் ரேஸ் ஆடும் படம் வந்தது. அதே மாதிரி சோபா, அதே மாதிரி கைகள். அதன் கீழே இதயம் போட்டிருந்தவர்களில் நேற்றைய பதிவை எழுதியவரும் உண்டு. "செம அப்பா" என்று எழுதியிருந்தார். அப்பா ஆடினால் செம. அம்மா ஆடினால் தத்துக் கொடுத்தல். அந்த அப்பாமீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவரும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

எனக்குக் கை வேகம் போதாது. சுற்றிச் சுற்றிச் சாகிறேன். இந்தக் கேமில் செத்தால் பட்டனைப் படபடவென்று தட்டித் திரும்பி வந்துவிடலாம். ஆனால் பெரிய எதிரியோடு சண்டை நடக்கும்போது, நாம் திரும்பி வரும்வரை இன்னொருவர் உயிரோடு இருக்க வேண்டும். இருவரும் சேர்ந்து செத்தால் பழைய இடத்துக்குப் போக வேண்டியதுதான். நான் பட்டனைத் தட்டிக்கொண்டிருக்கும்போது அவள் அங்கே தனியாக ஓடிக்கொண்டிருப்பாள். "நீ மெதுவா வா அம்மா, நான் சாகாம இருக்கேன்" என்பாள். வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். அதைப் புதிதாக யாரும் எனக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை.

அந்தக் கடைசிப் பத்திக்கு வருகிறேன். "அந்த வீட்டுச் சூழல் அப்படி, யாரைக் குறை சொல்ல" என்று எழுதியிருக்கிறீர்கள். கேம் கெடுதல் என்று எழுதுங்கள், நான் சோம்பேறி அம்மா என்று எழுதுங்கள், எல்லாம் அப்படியே இருக்கட்டும். என் மகளுக்கு இப்போது நன்றாகவே படிக்கத் தெரியும். அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடுங்கள்.