டெல்ஃபின் செய்ரிக் அந்தப் படத்தில் சும்மா இருக்கவில்லை

சனிக்கிழமை 'ழான் டீல்மன்' படத் திரையிடலில் நடந்த அறிமுகப் பேச்சைப் பற்றி வாயைத் திறக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. "அழகான நடிகை, மூணேகால் மணி நேரம் சும்மா சமைச்சுட்டு இருப்பாங்க" என்றார்கள், அதில் நடித்த டெல்ஃபின் செய்ரிக்கைப் பற்றி. அரங்கமும் சிரித்தது.

சும்மாவா? 1975-இல் வந்த இந்தப் படத்தில் கேமரா நகராது. முகத்துக்கு அருகே போகாது. பின்னணி இசையும் கிடையாது. நடிகைக்கு மிஞ்சியது கையின் வேகம் மட்டும்தான். செய்ரிக் நடிக்கும் ழான் என்ற இல்லத்தரசி முதல் நாள் ஒவ்வொரு அறையை விட்டு வரும்போதும் விளக்கை அணைக்கிறாள், பாத்திரத்தை மூடுகிறாள், எதுவும் பிசகவில்லை. இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு அளவுக்கு மீறி வெந்துவிடுகிறது. பானையைத் தூக்கிக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே அலைகிறாள். கடைக்குப் போய் வேறு வாங்கிவந்து தோல் சீவ உட்காருகிறாள். அந்தக் கத்தியைப் பாருங்கள். முதலில் இருந்த சீர் போய்விட்டது. வசனமே இல்லாமல் ஒரு பெண் உடையத் தொடங்குவதை அந்த விரல்கள் சொல்கின்றன. இது உழைப்பு.

"இயக்குநர் சொன்னதைத்தானே செய்தார்?" என்பீர்கள். படப்பிடிப்பை நடிகர் சாமி ஃப்ரே வீடியோவில் பதிவு செய்திருக்கிறார், பாருங்கள். ஏன் இப்படி, இந்த நேரத்தில் இவள் என்ன நினைக்கிறாள் என்று இருபதுகளில் இருந்த இயக்குநர் ஷந்தால் அகர்மானைச் செய்ரிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். புரியாமல் ஒரு சீப்பைக்கூட எடுக்க மாட்டார்.

அழகு என்று சொன்னால் தப்பா? தப்பில்லை. 1961-இல் இயக்குநர் அலென் ரெனேயின் 'மரியன்பாத்' படத்தில் அந்த அழகுதான் அவரைப் புகழ்பெற வைத்தது. ஆனால் அதோடு நின்றாரா? இரண்டே வருடத்தில் அதே ரெனேயின் 'முரியெல்' படத்தில் தன்னைவிட மூத்த விதவையாக நடித்து வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது வாங்கினார். கருக்கலைப்பு குற்றமாக இருந்த பிரான்சில், 1971-இல், நானும் செய்துகொண்டேன் என்று அறிவித்த 343 பெண்களில் அவரும் ஒருவர். பிறகு வீடியோ கேமராவோடு ஆவணப்பட இயக்குநர் கரோல் ருசோபுலோஸைக் கூட்டிக்கொண்டு போய் நடிகைகளிடம் கேட்டார்: ஆணாகப் பிறந்திருந்தாலும் இந்தத் தொழிலுக்கு வந்திருப்பீர்களா? இன்னொரு பெண்ணோடு அன்பான ஒரு காட்சியில் நடித்ததுண்டா? ஜேன் ஃபோண்டாவும் மரியா ஷ்னைடரும் அந்தப் படத்தில் பேசுகிறார்கள். 1982-இல் பெண்களின் படங்களைக் காக்க பாரிசில் பெண்ணிய எழுத்தாளர் சிமோன் த பொவார் பெயரில் காப்பகமும் தொடங்கினார்.

இத்தனைக்கும் ஒரு வரி கிடைக்கவில்லை. அழகும் சமையலும்தான் கிடைத்தன. வீட்டிலும் இதே கதைதானே? நாள் முழுக்க அடுப்படியில் நிற்பவளைச் சும்மா இருக்கிறாள் என்கிறோம், அதைத் திரையில் செய்து காட்டியவரையும் அப்படியே சொல்கிறோம். வலிக்கிறது. அடுத்த திரையிடலுக்கு அறிமுகம் பேசுபவர் படத்தை ஒருமுறை முழுக்கப் பார்த்துவிட்டு மேடை ஏறட்டும்.