பத்திரத்துக்குள் ஒரு கத்தி

போன வாரம் அண்ணன் மகள் பெரியபுராணத்தோடு வந்தாள். பதினொன்றாம் வகுப்பு. மெய்ப்பொருள் நாயனார் கதையில் ஓரிடத்தில் நின்றுவிட்டாள். “சித்தப்பா, ‘பத்திரம் வாங்கி’ன்னு இருக்கே, முத்தநாதன் எதுக்குப் பத்திரம் வாங்குறான்?”

அவள் கேட்டதில் தப்பே இல்லை. வீட்டுப் பத்திரம், தாய்ப்பத்திரம், கடன் பத்திரம் என்று கேட்டு வளர்ந்த காதுக்கு வேறு எப்படி ஒலிக்கும்? ஆனால் அந்த இடத்தில் பத்திரம் என்றால் கத்தி. வாங்கி என்றால் உருவி. இரண்டு சொல்லுமே இந்த எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகளில் வேறு பக்கம் போய்விட்டன.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். திருக்கோவலூரை ஆண்டவர் மெய்ப்பொருளார். போரில் அவரிடம் திரும்பத் திரும்பத் தோற்றவன் முத்தநாதன். நேரில் வெல்ல முடியாது என்று தெரிந்ததும் உடம்பெல்லாம் நீறு பூசி, சடை முடித்து, சிவனடியார் வேடத்தில் அரண்மனைக்குள் போகிறான். ஆகம நூல் ஒன்று கொண்டுவந்திருப்பதாகச் சொல்கிறான். கையில் இருப்பதைப் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் ‘படை கரந்த புத்தகக் கவளி’ என்கிறார். சுவடிக்கட்டு, அதற்குள் ஆயுதம். அரசர் அவனை மேலே உட்காரவைத்துத் தான் தரையில் அமர்கிறார்.

அடுத்த பாட்டில்தான் அந்தச் சொல் வருகிறது. ‘புத்தகம் அவிழ்ப்பான் போன்று’ கட்டைப் பிரிக்கிறான். அரசர் வணங்குகிறார். ‘பத்திரம் வாங்கித் தான்முன் நினைந்த அப்பரிசே செய்ய’ என்று பாட்டு போகிறது.

பெரும்பாலான உரைகளில் இந்த இடத்தில் ‘பத்திரம் – கத்தி’ என்று இருக்கும். சரிதான். ஆனால் அதோடு நிறுத்துவது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது.

பத்திரம் என்பது வடமொழி ‘பத்ர’. இலை என்று பொருள். வில்வ பத்திரம் என்று கோயிலில் சொல்கிறோமே, அதேதான். ஓலையில் எழுதியதால் எழுதிய ஆவணமும் பத்திரம் ஆயிற்று. பத்திரிகையும் இந்த வழியில் வந்ததுதான். இலையைப் போலத் தட்டையாக, நுனி கூர்ந்து இருப்பதால் கத்தியின் அலகுக்கும் அதே பெயர், அப்புறம் கத்திக்கே அது பெயராயிற்று. இது நமக்குப் புதிய பார்வையும் இல்லை. ‘இலங்கிலை வேல்’ என்று சங்கப் பாடல்களில் எத்தனை முறை வருகிறது! அங்கே இலை என்பது வேலின் அலகு. ஆங்கிலத்தின் பிளேடுகூட ஒரு காலத்தில் இலையைக் குறித்த சொல்தான்.

(பத்திரமாகப் போய் வா என்கிறோமே, அந்தப் பத்திரம் வேறு. அது ‘பத்ரம்’ என்று அழுத்தி ஒலிக்கும் இன்னொரு வடசொல். நலம், மங்கலம் என்று பொருள். பத்ரகாளியில் இருப்பது அதுதான். தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘ப’ என்பதால் எழுத்தில் ஒன்றாகிவிட்டன.)

இப்போது அந்தப் பாட்டை மறுபடி படித்துப் பாருங்கள். சேக்கிழார் பாடிய 12ஆம் நூற்றாண்டில் புத்தகம் என்றால் ஓலைக்கட்டு. அவன் அதை அவிழ்க்கிறான். உள்ளிருந்து ஓலை வரும் என்று அரசரும் நாமும் காத்திருக்கிறோம். ‘பத்திரம்’ என்று அடுத்த அடி தொடங்குகிறது. ஒரு கணம் காதுக்கு அது ஏடாகவே கேட்கிறது. ‘வாங்கி’ என்று முடியும்போதுதான் உருவப்பட்டது என்ன என்று தெரிகிறது. முத்தநாதன் அரசருக்குச் செய்த வஞ்சனையை அந்தச் சொல் நம் காதுக்குச் செய்கிறது.

எதுகைக்காகப் போட்டிருப்பார் என்று சிலர் சொல்லக்கூடும். கைத்தலத்து, புத்தகம், பத்திரம், மெய்த்தவ என்று நான்கு அடியும் அப்படித்தான் தொடங்குகின்றன. ஒத்துக்கொள்கிறேன், எதுகைக்கு அந்தச் சொல் தேவை. ஆனால் அந்த எதுகைதான் புத்தகத்தையும் பத்திரத்தையும் அடுத்தடுத்த அடிகளின் தலைப்பில் நிறுத்துகிறது. சேக்கிழாரிடம் குறுவாளுக்கு வேறு சொல் இல்லாமலும் இல்லை. இதே பெரியபுராணத்தில், ஏயர்கோன் கலிக்காமர் கதையில் சுந்தரர் உயிர்விடத் துணிந்து பற்றுவது ‘குற்றுடைவாள்’. அங்கே மறைக்க ஒன்றுமில்லை. ஆயுதம் ஆயுதமாகவே வருகிறது. ஓலைக்கட்டுக்குள் ஒளிந்த கத்திக்கு மட்டும் ஓலையின் பெயர். இது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அண்ணன் மகளிடம் இவ்வளவையும் சொன்னேன். புத்தகத்தை வாங்கி அந்த நான்கு அடியையும் மெதுவாக வாய்விட்டுப் படித்தாள். அப்புறம், “குத்தினான்னு எங்கேயுமே இல்லையே சித்தப்பா” என்றாள். எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. உண்மைதான். ‘நினைந்த அப்பரிசே செய்ய’, அதாவது நினைத்ததைச் செய்தான் என்று மட்டும் சொல்லிவிட்டு, ‘தொழுது வென்றார்’ என்று அரசரிடம் போய்விடுகிறார் சேக்கிழார். இந்த நான்கு அடியில் குத்தும் இல்லை, குருதியும் இல்லை. அந்தப் பாட்டில் கத்தி வருவது ‘பத்திரம்’ என்ற ஒரு சொல்லில் மட்டும்தான்.