சூர்யா பொனாலி: நாகானோவை விட்டுவிட்டு சிபாவைப் பாருங்கள்

1998-ல் ஜப்பானின் நாகானோவில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கின் ஃபிகர் ஸ்கேட்டிங் (பனித்தள நடனம்) காணொளி ஒன்று மறுபடி மறுபடி சுற்றுக்கு வருகிறது. நீல உடையில் ஒரு கறுப்பினப் பெண் பனித்தளத்தில் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்து, ஒற்றைக்காலில் இறங்குகிறார். அப்போது தடைசெய்யப்பட்டிருந்த பேக்ஃபிளிப். "கலகக்காரி" என்று தலைப்புப் போட்டுப் பகிர்கிறார்கள். பகிரட்டும். ஆனால் அந்த ஒரு நொடியை வைத்து அந்தப் பிரெஞ்சு வீராங்கனை சூர்யா பொனாலியை முடித்துவிடுவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

பெயரைப் பார்த்து நம்மூர்த் தொடர்பு தேட வேண்டாம். 1973-ல் பிரான்சின் நீஸ் நகரில் பிறந்து, ஒரு வெள்ளைக்காரத் தம்பதியால் தத்தெடுக்கப்பட்டவர். (ரீயூனியன் தீவில் பிறந்தவர் என்று ஆரம்பத்தில் ஒரு கதை ஓடியது. பத்திரிகைகளுக்குத் தீனி, வேறென்ன.) ஜிம்னாஸ்டிக்ஸிலிருந்து ஃபிகர் ஸ்கேட்டிங்குக்கு வந்தார். 1991 முதல் 1995 வரை வரிசையாக ஐந்து முறை ஐரோப்பிய சாம்பியன். 1993, 1994, 1995 மூன்று உலகப் போட்டிகளிலும் வெள்ளி. உலகத் தங்கம் மட்டும் வரவேயில்லை. ஒலிம்பிக்கில் பதக்கமே இல்லை.

அப்போது ஆறுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் முறை. ஒவ்வொரு நடுவரும் தொழில்நுட்பத்துக்கு ஒன்று, வெளிப்பாட்டுக்கு ஒன்று என இரண்டு மதிப்பெண் போடுவார். தாவல் நன்றாக இருந்ததா என்பதைக் கண்ணால் பார்த்துச் சண்டை போடலாம். வெளிப்பாட்டில் யாரிடம் போய் வாதாடுவது? மெலிந்த உடல், பாலே கைகள், பனி இளவரசி என்று ஒரு அச்சு இருந்தது. தசை வலுவோடு பாய்ந்து வரும் ஒரு கறுப்புப் பெண் அதில் அடங்கவில்லை. அதற்காக எல்லாமே நிறவெறி என்று சொல்லிவிடவும் மாட்டேன். பொனாலியின் தாவல்கள் சிலசமயம் சுற்று முழுதாக முடியாமல் இறங்கின. தாவலுக்கும் தாவலுக்கும் நடுவே சறுக்கல் வறண்டு கிடந்தது. குறை சொல்ல இடமிருந்த இடத்தில் பாரபட்சமும் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது என்பது என் கணிப்பு.

1994-ல் ஜப்பானின் சிபாவில் உலகப் போட்டி. அதே ஆண்டு நார்வேயின் லில்லேஹாமரில் நடந்த ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற மூவருமே வரவில்லை. அங்கே நான்காவதாக வந்த பொனாலிக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. உள்ளூர்ப் பெண் யூகா சாட்டோவிடம் ஐந்துக்கு நான்கு என்ற நடுவர் கணக்கில் தோற்றார்; ஐந்து நடுவர்கள் சாட்டோ பக்கம், நான்கு பேர் பொனாலி பக்கம். மேடையேற மறுத்து ஓரமாக நின்றார். பிடித்து ஏற்றினார்கள். கழுத்தில் போட்ட வெள்ளியைக் கழற்றினார், அரங்கம் எதிர்ப்புக் கூச்சலிட்டது. அழகாக ஆடி ஜெயித்த சாட்டோவின் நாள் கெட்டது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

1996-ல் குதிகால் தசைநார் கிழிந்தது. நாகானோவுக்கு வந்தபோது பழைய உடம்பு இல்லை. ஆட்டத்தின் நடுவே விழுந்தார், பதக்கம் கைநழுவியது தெரிந்தது, பேக்ஃபிளிப்பை அடித்தார். நடுவர்களுக்கு முதுகைக் காட்டி முடித்தார். பத்தாவது இடம். பிறகு அமெரிக்கா, தொழில்முறைக் காட்சிகள், பயிற்சியாளர் வேலை.

2024 ஜனவரியில் இன்னொரு பிரெஞ்சுக்காரர், ஆடம் சியாவ் ஹிம் ஃபா, ஐரோப்பியப் போட்டியில் அதே பேக்ஃபிளிப்பை அடித்தார். இரண்டு புள்ளி வெட்டினார்கள், தங்கமும் அவருக்கே போனது. அதே ஆண்டு சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் தடையையும் எடுத்துவிட்டது. உடனே "பொனாலிக்கு நீதி கிடைத்தது" என்று பதிவுகள். என்ன நீதி? 1998-ல் அது விதிமீறல்தான், தெரிந்தேதான் செய்தார். சிபாவில் அவர் எந்த விதியையும் மீறவில்லை. அந்த ஐந்துக்கு நான்கைப் பற்றி யாராவது பதிவு போட்டால் நானும் பகிர்கிறேன்.