விளக்கேற்ற மட்டும் எங்களை அழைக்காதீர்கள்

கடந்த வாரம் கொழும்பு வெள்ளவத்தையில் நவீன சமூகத்தைப் பற்றி நடந்த கலந்துரையாடல் குறித்து எதுவும் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த நாற்பது விநாடிக் காணொளி உங்களில் பெரும்பாலானோரின் கைபேசிகளுக்கு வந்துவிட்டது, என் பங்குமக்களே அதை எனக்கு அனுப்பி, "ஃபாதர், இது நீங்கள்தானே?" என்று தயக்கத்தோடு கேட்டிருக்கிறார்கள். இனியும் பேசாமல் இருந்தால், "நம்பிக்கை விடயங்களை ஆலயத்துக்குள்ளேயே வைத்துக்கொள்வோம் ஃபாதர், இங்கே நவீன சமூகத்தைப் பற்றி உரையாடுகிறோம்" என்று நெறியாளர் சொன்னதை நான் ஏற்றுக்கொண்டதாகிவிடும். நான் அதை ஏற்கவில்லை. நம்பிக்கை ஆலயக் கதவுக்குள் பூட்டிவைக்க வேண்டிய பொருள் அல்ல. நான் நம்புவதுதான் நான் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்கும் விதத்தைத் தீர்மானிக்கிறது. அதை வாசலில் கழற்றி வைத்துவிட்டு மண்டபத்துக்குள் வர எனக்குத் தெரியாது.

நான் கேட்ட கேள்வி அந்தக் காணொளியில் இல்லை. ஒலிவாங்கியை வாங்கும் காட்சி இருக்கிறது, நெறியாளரின் பதில் இருக்கிறது, அதைத் தொடர்ந்த சிரிப்பும் இருக்கிறது. இடையில் இருந்ததை யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள். நான் கேட்டது இதுதான்: பிள்ளைகள் எல்லோரும் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போன பிறகு வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தொடர்மாடிகளில் தனித்திருக்கும் பெற்றோருக்கு, மாதாமாதம் வரும் பணத்தைத் தவிர இந்தச் சமூகம் எதைக் கொடுக்கப் போகிறது? இதில் எங்கே மதப்பிரசாரம் இருந்தது? நான் விவிலியத்தின் ஒரு வசனத்தைக்கூடச் சொல்லவில்லை. கேள்வியைக் கேட்கும் முன்னரே என் வெள்ளை அங்கிக்குப் பதில் சொல்லிவிட்டார்கள்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பங்கில் ஒரு தாய் இருந்தார். கணவர் இறந்து பல ஆண்டுகள். பிள்ளைகள் மூவரும் வெளிநாட்டில். ஒவ்வொரு முதல் வெள்ளியும் நற்கருணை கொண்டு போகும்போது, அதை வாங்கிய பிறகு என்னைப் போக விடமாட்டார். தேநீர் ஊற்றி வைத்து, பேரப்பிள்ளைகளின் படங்களைக் கைபேசியில் ஒவ்வொன்றாகக் காட்டுவார். போன ஆண்டு மழைக்காலத்தில் அவர் இறந்தார். மூத்த மகனின் வதிவிட அனுமதி இன்னும் கிடைக்கவில்லை, நாட்டை விட்டு வெளியேறினால் திரும்ப முடியாது. மகள் நிறைமாதக் கர்ப்பிணி. இளையவருக்குப் பயணச்சீட்டு கிடைத்த நாளில் அடக்கம் முடிந்திருந்தது. அவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். தொலைபேசியில் அந்த மகன் அழுத அழுகையைக் கேட்டவன் நான். அடக்கத் திருப்பலியைக் காணொளி வழியாகப் பார்த்தார்கள். ஆனால் பெட்டியைத் தூக்க ஆள் வேண்டுமே. ஏழைகளுக்கு உதவும் எங்கள் வின்சென்ட் டி போல் சபைப் பெரியவர்களும், அந்தத் தொடர்மாடியின் கீழே கடையில் வேலை செய்கிற இரண்டு மலையகப் பிள்ளைகளும் தூக்கினார்கள். அந்தப் பிள்ளைகள் சைவர்கள். "அம்மா எங்களுக்கு ஒவ்வொரு தீபாவளிக்கும் உடுப்பு எடுத்துத் தந்தவா" என்றார்கள். நவீன சமூகத்தைப் பற்றி எனக்குத் தெரியாது என்று சொல்பவர்கள், இந்த நகரத்தில் எத்தனை கதவுகளுக்குப் பின்னால் இப்படிப்பட்ட வாழ்க்கை நடக்கிறது என்பதை ஒருமுறை படியேறிப் போய்ப் பார்க்கட்டும்.

இனி என்னை மிகவும் நோகச் செய்த விடயத்துக்கு வருகிறேன். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு நட்சத்திர விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஞாயிறு ஆலயங்கள் மூடிக் கிடந்தன; கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் தமது இல்லத்தில் ஒப்புக்கொடுத்த திருப்பலியைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டு வீடுகளில் முழந்தாளிட்டோம். அந்த நாட்களில் அதிகாரிகளும் ஊடகத்தாரும் எங்களிடம் என்ன கேட்டார்கள்? மக்களை அமைதிப்படுத்துங்கள், பழிவாங்கல் வேண்டாம் என்று சொல்லுங்கள், தெருவுக்கு வாருங்கள் என்று கேட்டார்கள். நாங்கள் வந்தோம். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனிடம் போய், உன் முஸ்லிம் அயலவன்மேல் கை வைக்காதே என்று சொல்வது எவ்வளவு கடினம் என்று சொன்னவர்களுக்குத்தான் தெரியும். அன்று நம்பிக்கை தனிப்பட்ட விடயம் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் கொல்லப்பட்டவர்களுக்கு நீதி கேட்கத் தொடங்கியதும், "குருமார் அரசியல் பேசலாமா" என்ற கேள்வி வந்துவிட்டது. அந்தத் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்ததே, அந்த வழக்குகளைத் தொடுத்தவர்களில் ஒரு கத்தோலிக்கக் குருவும் இருந்தார். அவர் ஆலயத்துக்குள்ளேயே இருந்திருக்க வேண்டுமா?

நீங்கள் சொல்லப் போகிற பதில்கள் எனக்குத் தெரியும். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றதற்காகத் திருச்சபை தண்டித்த கலிலியோவைச் சொல்வீர்கள். சொல்லுங்கள், அந்தத் தீர்ப்பு தவறு என்பதை 1992இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலே வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். ஆனால் விரிவடையும் பிரபஞ்சத்தை 1927இல் கணித்துச் சொன்ன ஜோர்ஜ் லெமெத்ர் ஒரு பெல்ஜியக் குருவானவர் என்பதையும், மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டல் ஒரு துறவி என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். போர்த்துக்கேயரோடு வந்த மதம் என்பீர்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்து இந்த நம்பிக்கையைக் காத்தவர் கோவாவில் பிறந்த யோசேப் வாஸ் அடிகள். அவருக்குப் பின்னால் எந்தக் கப்பற்படையும் வரவில்லை. கண்டியில் அம்மை நோய் பரவி, உறவினர்களே நோயாளிகளைக் கைவிட்டு ஓடியபோது அவர்களுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததும் அவர்தான். 2015இல் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது இந்த நகரமே திரண்டு வந்தது.

சிறுவர்களுக்கு எதிராகத் திருச்சபைக்குள் நடந்த கொடுமைகளையும் சொல்வீர்கள். அதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. பாதிக்கப்பட்டவர்களின் முன் தலைகுனிந்து நிற்கிறேன். ஆனால் அதைக் காரணம் காட்டி, முதியவர்களைப் பற்றி நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போவது நேர்மையல்ல.

இவற்றைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. இந்த நாட்டில் மதம் பொதுவெளிக்கு வந்தபோதெல்லாம் சிறுபான்மையினருக்குத்தானே அடி விழுந்தது, இப்போது நீங்களும் அதே உரிமையைக் கேட்கிறீர்களா என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அவருடைய அச்சம் எனக்குப் புரிகிறது; அது என் அச்சமும்தான். அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்த மதத்துக்கு முதன்மை கொடுத்திருக்கும் நாட்டில், 2012 கணக்கெடுப்பில் மக்கள்தொகையில் ஆறு சதவீதத்தைச் சற்றே தாண்டியிருந்த கத்தோலிக்கச் சமூகத்தின், அதிலும் தமிழ் பேசும் ஒரு குருவானவன் நான். நான் முதன்மை கேட்கவில்லை, சட்டம் கேட்கவில்லை. மற்றவர்களைப் போல எழுந்து நின்று பேசவும், பேசியதற்குப் பதில் பெறவும் கேட்கிறேன். அதிகாரம் கேட்கும் மதத்தையும் கேள்வி கேட்கும் மதத்தையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதுதான் எனக்குப் பெரிய அநியாயமாகத் தெரிகிறது.

கேள்வி கேட்ட குருமாருக்கு என்ன நடந்தது என்பதும் மறந்துபோய்விட்டது. மன்னார் மாவட்டத்து வங்காலையின் பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் அடிகள் 1985இல் கொல்லப்பட்டார். பௌத்தக் கிராமத்து ஏழைகளோடு வாழ்ந்த மைக்கேல் றொட்றிகோ அடிகள் 1987இல் மொனராகலை மாவட்டத்துப் புத்தளையில் சுட்டுக் கொல்லப்பட்டார். யாழ்ப்பாணத்து அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகள் 2006 ஆகஸ்டில் காணாமலாக்கப்பட்டார். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. இவர்கள் ஆலயத்துக்குள்ளேயே இருந்திருந்தால் ஒருவேளை உயிரோடு இருந்திருப்பார்கள். தனிநாயகம் அடிகளும் பூசை வைப்பதோடு நின்றிருந்தால், 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் மாநாடு நடந்திருக்குமா? அவரைத் தமிழறிஞர் என்று மேடைதோறும் கொண்டாடுகிறோம்; அவருடைய குருத்துவத்தை மட்டும் ஏன் மேடைக்கு வெளியே நிறுத்துகிறோம்?

கொழும்பில் எந்தக் கூட்டம் நடந்தாலும் சர்வமதத் தலைவர்கள் என்று எங்களை அழைத்து, முன்வரிசையில் அமர்த்தி, மேடையில் வைக்கும் பூச்சாடியைப் போல நடத்துகிறார்கள். மங்கல விளக்கை ஏற்றுகிறோம், படம் எடுக்கிறார்கள், பேச்சுத் தொடங்கியதும் நாங்கள் தேவையில்லாதவர்கள் ஆகிவிடுகிறோம். உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற ஏடு, இக்கால மக்களின், சிறப்பாக ஏழைகளின், மகிழ்ச்சியும் துயரமும் கிறிஸ்துவைப் பின்செல்பவர்களுக்கும் உரியவை என்றுதான் தொடங்குகிறது. குருமடத்தில் எங்களுக்கு அதைத்தான் படிப்பித்தார்கள். இன்றைய உலகத்தில் எங்களுக்கு வேலை இல்லை என்று அங்கே யாரும் படிப்பிக்கவில்லை.

அந்த மண்டபத்தில் சிரித்தவர்களில் ஒருவர் என் கையால் முதல் நற்கருணை வாங்கியவர். அவருடைய பெயரை எழுத மாட்டேன். அவர் இன்று விசுவாசத்தை விட்டுவிட்டார் என்றால் அது அவருடைய மனச்சாட்சிக்குரிய முடிவு. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அவருடைய தகப்பனார் தேசிய வைத்தியசாலையில் கிடந்த இரவுகளில் நாங்கள் இருவரும் நடைபாதை வாங்கில் பேசிக்கொண்டிருந்தது நவீன சமூகத்துக்கு வெளியேயா? அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்னும் கடக்க முடியவில்லை.

பேராயர் இல்லத்துக்கு முறைப்பாடு அனுப்பப் போவதாகக் காணொளியின் கீழே பின்னூட்டம் இட்டவர்களுக்கும், இதைப் பதிவிட வேண்டாம் என்று அன்போடு ஆலோசனை சொன்ன சக குருக்களுக்கும்: முறைப்பாட்டை அனுப்புங்கள், அது உங்கள் உரிமை. அதோடு முழு ஒளிப்பதிவையும் சேர்த்து அனுப்புங்கள். ஏற்பாட்டாளர்களிடம் அது இருக்கிறது. நானும் கேட்டு எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. பதிவை நான் நீக்கப் போவதில்லை.