குவின்சி ஜோன்ஸின் கடன்

போன வாரம் டீக்கடையில் நண்பர் ஒருவரிடம் குவின்சி ஜோன்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ ஆல்பத்துக்கு ப்ரொட்யூசர் என்றதும், “ஓ, காசு போட்டவரா?” என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நம் ஊரில் தயாரிப்பாளர் என்றால் வட்டிக்கு வாங்கிப் படம் எடுப்பவர். மெட்டு, வாத்தியம், யார் பாடுவது என்பதெல்லாம் இசையமைப்பாளர் கையில். அமெரிக்க பாப் உலகில் இந்த வேலைகள் பல பேரிடம் பிரிந்து கிடக்கும். எழுதுபவர் ஒருவர், பாடுபவர் ஒருவர், ஒலிப்பதிவுப் பொறியாளர் ஒருவர். இவர்களையெல்லாம் ஓர் அறையில் உட்காரவைத்து, எந்தப் பாட்டு வேண்டும், எது வேண்டாம், பலமுறை பாடிப் பதிந்ததில் எந்த டேக் போதும் என்று முடிவு செய்பவர்தான் அங்கே ப்ரொட்யூசர். காசு ரெக்கார்டு கம்பெனியுடையது, புகழ் பாடகருடையது. சொதப்பினால் திட்டு மட்டும் இவருக்கு.

2024 நவம்பர் 3ஆம் தேதி, 91 வயதில் அவர் இறந்தபோது வந்த அஞ்சலிகளில் பாதிக்கு மேல் ‘த்ரில்லர்’ பற்றித்தான். எனக்கு அதில் ஒரு வருத்தம். அவரைப் புரிந்துகொள்ள ‘த்ரில்லர்’ வந்த 1982ஐ விட 1960 முக்கியம் என்று நினைக்கிறேன்.

இதைச் சொல்வதற்கு எனக்கு ஒரு சின்னத் தகுதி உண்டு. பதினோரு வருடம் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன் நான். கடைசி நான்கு வருடம் குழுவே என் பெயரில்தான் ஓடியது. விடிகாலை மூன்று மணிக்குக் கச்சேரி முடித்து, ஸ்பீக்கர் பாக்ஸை வேனில் ஏற்றிவிட்டு, பாக்கிப் பணத்துக்காகத் திருவிழாக் கமிட்டிக்காரர் வீட்டுத் திண்ணையில் காத்திருந்திருக்கிறேன். வேனுக்குள் பத்துப் பேர் பேட்டாவுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பார்வையை அனுபவித்தவனுக்கு 1960 பாரிஸ் சட்டென்று புரியும்.

சரி, பாரிஸில் என்ன நடந்தது? அப்போது குவின்சிக்கு 26 வயது. சிகாகோவின் தெற்குப் பகுதியில் வறுமையில் பிறந்து, மனநோயால் அம்மா மருத்துவமனைக்குப் போய்விட, சியாட்டிலில் வளர்ந்த பையன். பின்னாளில் பெரிய பாடகரான ரே சார்ல்ஸ் பதின்ம வயதிலேயே சிநேகிதர். பதினெட்டு வயதில் லயனல் ஹாம்ப்டனின் ஜாஸ் குழுவில் டிரம்பெட் ஊதினார். டிரம்பெட் மேதை டிஸ்ஸி கில்லெஸ்பியோடு நாடு நாடாகச் சுற்றினார். பாரிஸில் நாடியா பூலாஞ்சே என்ற பெரிய ஆசிரியையிடம் பாடம் கேட்டார். இவ்வளவும் முடிந்த பிறகு, ‘ஃப்ரீ அண்ட் ஈஸி’ என்ற இசை நாடகத்துக்காக ஒரு ஜாஸ் குழுவைத் திரட்டிக்கொண்டு ஐரோப்பா போனார். பாரிஸோடு நாடகம் படுத்துவிட்டது. ஊருக்குத் திரும்பியிருக்கலாம். குழு அவ்வளவு அருமையாக வாசித்ததால் கலைக்க மனசு வரவில்லை. பதினெட்டுக் கலைஞர்கள், சிலருடைய குடும்பங்கள், அடுத்த கச்சேரி எங்கே என்று தெரியாத பயணம். மாதக்கணக்கில் இழுத்துப் பார்த்துவிட்டு அமெரிக்கா திரும்பும்போது கடன் சுமார் 1,45,000 டாலர். அந்தக் காலத்து 1,45,000!

உலகின் தலைசிறந்த ஜாஸ் குழுவை வைத்துக்கொண்டு பட்டினி கிடந்தோம், இசை வேறு இசை வியாபாரம் வேறு என்று அப்போதுதான் உறைத்தது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

கைகொடுத்தவர் மெர்க்குரி ரெக்கார்ட்ஸ் தலைவர் இர்விங் கிரீன். கடனும் கொடுத்தார், நியூயார்க் அலுவலகத்தில் வேலையும் கொடுத்தார். ஒன்பது மணிக்கு கோட்டு சூட்டோடு போய் உட்கார வேண்டிய வேலை. ஜாஸ் ஆட்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டுமே. வேனில் இருக்கும் பத்துப் பேருக்குச் சுளித்த முகமா சோறு போடும்?

அந்த நாற்காலியில் அவர் செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1963. லெஸ்லி கோர் என்ற 16 வயதுப் பெண் பாடிய டெமோ, அதாவது மாதிரிப் பதிவு, அவரிடம் வருகிறது. அவளுக்குப் பொருந்தும் பாட்டைத் தேடி டெமோக்களின் குவியலையே கிளறி, ‘இட்ஸ் மை பார்ட்டி’யை எடுக்கிறார். மார்ச் 30ஆம் தேதி ஒலிப்பதிவு. அன்று மாலையே கார்னகி ஹாலில் ஒரு கச்சேரி வாசலில் ஃபில் ஸ்பெக்டரைப் பார்க்கிறார். அந்தக் காலத்தின் பெரிய ஹிட் தயாரிப்பாளர். பேச்சுவாக்கில் ஸ்பெக்டர், தானும் அதே பாட்டை தி கிரிஸ்டல்ஸ் குழுவை வைத்துப் பதிவு செய்வதாகச் சொல்கிறார். குவின்சி கச்சேரியை விட்டுவிட்டு ஸ்டுடியோவுக்கு ஓடி, நூறு சோதனைத் தட்டுகளை அடித்து வானொலி நிலையங்களுக்கு அனுப்பிவிட்டார். ஜூனில் பாட்டு அமெரிக்காவில் முதலிடம். ஐரோப்பாவில் சிக்கித் தவித்த அந்தப் பழைய குவின்சியாக இருந்தால் கச்சேரியை ரசித்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருப்பார்.

மறுவருடம் மெர்க்குரியின் துணைத்தலைவர். வெள்ளையர்கள் நடத்திய பெரிய ரெக்கார்டு கம்பெனிகளில் அவ்வளவு உயரம் போன கறுப்பினத்தவர்கள் அன்று விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அந்த நாற்காலியிலும் ரொம்ப நாள் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. பாடகர் ஃபிராங்க் சினாட்ராவுக்கு வாத்திய அமைப்பு, ஹாலிவுட் படங்களுக்குப் பின்னணி இசை என்று போனார். அதெல்லாம் தனிப் பதிவுக்கான விஷயம். 1974இல் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து இரண்டு அறுவை சிகிச்சைகள். பிழைத்தார், ஆனால் இனி டிரம்பெட் ஊதக் கூடாது என்றுவிட்டார்கள்.

இப்போது ‘த்ரில்லர்’ காலத்துக்கு வருவோம். மைக்கேல் ஜாக்சன் ‘த்ரில்லர்’க்கு முந்தைய தன் 1979 ஆல்பத்துக்கு இவரைக் கேட்டபோது ரெக்கார்டு கம்பெனி தயங்கியது. காரணம்? ரொம்ப ஜாஸ் ஆளாம்! ஜாஸ்காரர்களுக்கு இவர் வியாபாரி, வியாபாரிகளுக்கு இவர் ஜாஸ்காரர். இரண்டு பக்கமும் அடி வாங்கிய மத்தளம்.

‘த்ரில்லர்’ வேலை முடியும் தறுவாயில் நடந்ததைத்தான் ப்ரொட்யூசர் என்றால் யார் என்று கேட்கும் எல்லாரிடமும் சொல்வேன். கெடு நெருங்கிவிட்டது. கம்பெனி வாசலில் நிற்கிறது. குரலையும் வாத்தியங்களையும் கலந்து முடித்த மிக்ஸைப் போட்டுக் கேட்டால் சப்பென்று இருக்கிறது. எல்.பி. தட்டில் ஒரு பக்கத்தில் நிமிடங்களை அளவுக்கு மேல் திணித்தால் பள்ளங்கள் நெருங்கி, ஒலி சுருங்கி, அடித்தொனியான பேஸ் செத்துவிடும். பாட்டுகள் நீளமாகிவிட்டன. எல்லாருக்கும் ஆசை ஆசையாகச் சேர்த்ததை வெட்ட வேண்டும். மைக்கேல் அழுதார். குவின்சி அப்படியே வெளியிட விடவில்லை. பாட்டுகளைச் சுருக்கி, நாளைக்கு ஒரு பாட்டு என்று மறுபடி மிக்ஸ் செய்தார்கள். 1982 நவம்பர் கடைசியில் வெளியீடு. மொத்தம் ஒன்பதே பாட்டுகள். அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும்.

அவர் சொன்னதெல்லாம் சரி என்றும் இல்லை. அதே ஆல்பத்தில் ‘பில்லி ஜீன்’ பாட்டின் முன்னிசை நீளம், வெட்டு என்றார். அதுதான் என்னை ஆடவைக்கிறது என்று மைக்கேல் மறுத்தார். குவின்சி விட்டுக்கொடுத்தார். ஆடுகிறவன் ஆட வருகிறது என்று சொன்னால் அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்று விட்ட அந்தப் பக்குவம் பல இசை மேதைகளிடம் கிடையாது.

1985 ஜனவரி 28 இரவு, ஆப்பிரிக்கப் பஞ்ச நிவாரணத்துக்கான ‘வி ஆர் தி வேர்ல்டு’ பாட்டின் பதிவுக்கு அமெரிக்காவின் பெரிய பாடகர்களெல்லாம் வந்தபோது, கர்வத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வரும்படி எழுதி வைத்தார். நாம் கோயில் வாசலில் செருப்பை விடுகிற மாதிரி. விடிய விடியப் பாடவைத்து வாங்கிவிட்டார்.

நிர்வாகியாக அவருடைய உச்சம் என்று நான் நினைப்பது ஒரு பிறந்தநாள் விருந்து. 1990இல் ‘தி ஃப்ரெஷ் பிரின்ஸ் ஆஃப் பெல் ஏர்’ டி.வி. தொடருக்கு, அப்போது ராப் பாடகராக இருந்த வில் ஸ்மித்தைத் தன் வீட்டு விருந்துக்குக் கூப்பிட்டு, அங்கேயே கையில் வசனத்தைக் கொடுத்து நடிக்கச் சொன்னார். தயாராக நாள் வேண்டும் என்று அந்தப் பையன் திணறினான். சரி சொல்ல வேண்டியவர்கள் எல்லாரும் இந்த அறையில் இருக்கிறார்கள், இவர்களை மறுபடி ஒன்றாகப் பிடிக்க முடியாது என்றார் குவின்சி. அன்றே ஒப்பந்தம் எழுதினார்கள். வில் ஸ்மித் அப்போது வரிப் பாக்கியில் மூழ்கிக்கொண்டிருந்தவர் என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கடனாளியின் அருமை கடனாளிக்குத்தான் தெரியும்.

அவரை சாமியாக்க வேண்டாம். 2018இல் கொடுத்த பேட்டிகளில், செத்துப்போன மைக்கேலைப் பாட்டுத் திருடன் என்கிற அளவுக்குப் பேசினார். பீட்டில்ஸ் குழுவுக்கு வாசிக்கவே தெரியாது என்றார். அப்புறம் மகள்கள் கூடி உட்கார்ந்து கண்டித்ததும் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். இந்த விஷயத்தில் என் அனுதாபம் மகள்கள் பக்கம்.

ஆனால் மைக்கேலின் சொத்துகளை நிர்வகிக்கும் எஸ்டேட் மேல் அவர் போட்ட வழக்கு வேறு விஷயம். மைக்கேல் இறந்த பிறகு, தான் உருவாக்கிய ஒலிப்பதிவுகளைப் படத்திலும் மேடையிலும் பயன்படுத்தியதில் தனக்குச் சேரவேண்டிய பங்கு வரவில்லை என்று கேட்டார். 2017இல் ஜூரி 94 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. 2020இல் மேல்முறையீட்டில் அதில் 69 லட்சம் போய்விட்டது. இவ்வளவு சம்பாதித்த மனுஷன் எண்பது வயதுக்கு மேல் கோர்ட்டுக்கு அலைய வேண்டுமா என்று அப்போது பலர் எழுதினார்கள். அவர்களில் யாரும் விடிகாலை மூன்று மணிக்குக் கமிட்டிக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர்களாக இருக்க மாட்டார்கள்.

எனக்கு இன்னும் 2009 பங்குனித் திருவிழாப் பாக்கி வரவேண்டியிருக்கிறது. பன்னிரண்டாயிரம்.